கூடுவிட்டுக் கூடு பாயும் வண்டிகள்

"இலக்கணம் படிப்பிக்கிறவருக்குக் கராஜில் என்ன அலுவல்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் தமிழாசிரியரே. கேள்வியில் சிறிது நகை இருந்தது. சிறிது கவலையும் இருந்தது. தவணை விடுமுறையில் மூன்று நாளை வண்டி திருத்தும் கொட்டிலிலே கழித்துவிட்டு, நகக்கண்ணில் மசகோடு திரும்பிய ஒரு பண்டிதனைக் கண்டால் அப்படிக் கேட்கத்தான் வேண்டும். அன்று நான் சொன்ன விடை அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. ஆதலால் இதனை எழுதுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நுவரெலியாப் பக்கத்திலே ஒரு பாடசாலையில் தமிழ் கற்பித்தேன். அக்காலத்து மாணாக்கர் ஒருவர் இன்று அவ்விடத்திலே சிறியதொரு கராஜ் வைத்திருக்கிறார். ஊரார் அவரைப் 'பாஸ்' என்பர். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொல் அது. கொத்தனுக்கும் தச்சனுக்கும் வண்டி திருத்துவோனுக்கும் இந்நாட்டில் பொதுவாய் நிற்கிறது. அவரிடம் ஒரு லாண்ட் றோவர் வண்டி உண்டு. இரண்டாந் தொடரைச் சேர்ந்தது. தேயிலைத் தோட்டமொன்றிலே துரைமாரை ஏற்றித் திரிந்து, பின்பு மரக்கறி மூட்டை சுமந்து, ஈற்றிலே ஒரு மாட்டுக்கொட்டிலின் பின்னே புல் முளைக்கக் கிடந்த வண்டி. அதன் பெற்றோல் என்ஜினை இறக்கிவிட்டு, யப்பானிய டீசல் என்ஜின் ஒன்றைத் தம் கையாலே ஏற்றியிருக்கிறார். என்னை அதில் இருத்திக்கொண்டு, கல்லும் குழியுமாய்க் கிடந்த தோட்டத்துப் பாதையால் மலைமேல் ஏறினார். மழை பெய்து சேறாய் இருந்தது. வண்டி முனகிற்றே தவிர நிற்கவில்லை.

பாதி வழியில் அவர் கேட்டார்: "அன்னைக்கு ஐயா சொன்னது ஞாபகம் இருக்குங்களா?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்தது. புணர்ச்சி விதி எழுதவேண்டிய கொப்பியில் ஒரு பற்சில்லின் படம் கீறியிருந்தாராம். நான் அவரை வெளியே நிறுத்தி, 'கையிலே கரி பூசப் பிறந்தவனுக்கு நன்னூல் எதற்கு' என்றேனாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும்.

என்ஜின் மாற்றுதல் என்றால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை வைப்பதென்றே நான் எண்ணியிருந்தேன். விளக்கின் திரியை மாற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அஃது அவ்வளவு எளிதன்று. திருமூலர் வரலாறு நாம் அறிந்ததே. சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறக் கண்ட சிவயோகியார் அவனுடலிற் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. மூலன் மனைவிக்கோ பெருங்கலக்கம் உண்டாயிற்று. உடல் அதுதான், உள்ளே இருப்பவர் வேறு. பழைய வண்டியிற் புது என்ஜின் புகும்போதும் வெளியே நிற்பவர் மகிழ்வர். முன்னைய என்ஜினோடு ஐம்பது வருடம் குடித்தனம் நடத்திய கியர்ப் பெட்டிதான் கலங்கும்.

அந்தக் கலக்கம் துளைகளிலே தொடங்குகிறது. ஒவ்வோர் என்ஜினும் தன் கியர்ப் பெட்டியோடு சேரும் முகத்திலே ஒரு வகையான துளை வரிசை உடையது. ஒரு கம்பனியின் வரிசை மற்றக் கம்பனியின் வரிசையோடு பொருந்தாது. ஆகவே இரண்டுக்கும் இடையே ஒரு தட்டு வேண்டும். ஒரு பக்கத்துத் துளைகள் பழைய கியர்ப் பெட்டிக்கு. மறுபக்கத்துத் துளைகள் புதிய என்ஜினுக்கு. 'அடப்டர்' என்கிறார்கள். அவர் அதைச் செய்த விதம் கண்டு வியந்தேன். கியர்ப் பெட்டியின் முகத்திலே எண்ணெய் தடவி, அதன்மேல் ஒரு மண்ணிறத் தாளை வைத்து அழுத்தி எடுத்தார். துளைகள் அத்தனையும் தாளிலே பதிந்தன. தாளைப் பலகையில் ஒட்டி அச்சு வெட்டி, அச்சைக் கொண்டுபோய் லேத் பட்டறையிலே முக்கால் அங்குலத் தடிப்புள்ள இரும்புத் தட்டிலே கடைந்து வாங்கினார்.

"அதை நீரே இங்கே வெட்டியிருக்கலாமே" என்றேன்.

"வெட்டலாங்க ஐயா. வண்டியும் ஓடும். ஆறு மாசத்துல பெயரிங் போயிரும்" என்றார்.

காரணத்தையும் சொன்னார். கியர்ப் பெட்டியிலிருந்து நீளும் தண்டின் நுனி, என்ஜினின் பின்புறத்திலே ஒரு சிறு புஷ்ஷினுள் அமர்ந்து சுழலவேண்டும். இரண்டின் நடுவும் ஒரே கோட்டில் நிற்றல் வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் தண்டு தன் வழியிலே ஓடாது. புஷ் தேயும், பெயரிங் உடையும், கிளச் முழுதாய் விடுபடாது. அதுவுமன்றி இடையிட்ட தட்டின் தடிப்பளவுக்கு என்ஜின் முன்னே தள்ளிப்போகிறது. தண்டின் நுனி புஷ்ஷை எட்டாது. அதற்கென நீண்ட புஷ் ஒன்றைப் புதிதாய்க் கடையவேண்டும். கிளச்சுத் தட்டின் நடுப்பற்கள் பழைய தண்டுக்குப் பொருந்தவேண்டும். அதன் அகலமோ புதிய என்ஜினின் பிளைவீலுக்குப் பொருந்தவேண்டும். எல்லாவற்றையும் தானே செய்வதுதான் வீரம் என்று எண்ணுவோர் உளர். எதைத் தன் கையாற் செய்வது, எதை லேத்துக்காரனிடம் கொடுப்பது என்று அறிவதுதான் வித்தை என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

அவர் சொல்லச் சொல்ல, நான் முப்பது வருடமாய்க் கரும்பலகையில் எழுதிவருவது என் கண்முன் வந்தது. பழைய வண்டி நிலைமொழி. புதிய என்ஜின் வருமொழி. இரண்டும் மாற்றமின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி; 'பொன்மலை' போல. அப்படிச் சேர்வனவும் உண்டு. லாண்ட் றோவர் கம்பனியே பிற்காலத்தில், 1990ஐ அண்டிச் செய்த 2.5 லீற்றர் டீசல் என்ஜின், முப்பது வருடம் முந்திய வண்டியின் கியர்ப் பெட்டியோடும் பெரிய இடையூறின்றிச் சேர்கிறதாம். ஒரு குலத்துப் பிள்ளைகள் அல்லவா! பிற குலத்து என்ஜினாயின் விகாரம் வேண்டும். தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அங்கே உள்ளன. 'மரம்' என்பதோடு 'ஐ' சேர இடையிலே 'அத்து' வந்து, 'மரத்தை' என்றாகிறதே, அந்தச் சாரியை போன்றதுதான் அடப்டர் தட்டு. தனக்கெனப் பொருளில்லை, அஃதின்றிச் சேர்க்கையும் இல்லை. மாணாக்கர் படித்து அலுத்த ஒரு விதி, அன்று அந்தக் கொட்டிலிலே எண்ணெய் பூசிக்கொண்டு என் முன்னே நின்றது.

திரிதல் வண்டியின் செசியிலே நிகழ்கிறது. என்ஜினைத் தாங்கும் கைகளை வெட்டி, வேறிடத்திலே ஒட்டவேண்டும். எந்த உயரத்தில் ஒட்டுவது? தரையில் நிற்கும் வண்டியை மட்டும் பார்த்து ஒட்டியவன் ஏமாறுவான். காட்டுப் பாதையில் முன்சில்லு கல்லின்மேல் ஏறும்பொழுது அச்சு மேலெழும். எழுந்து என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியிலே இடிக்கும். ஆகவே வில்லுத் தகடு முற்றாய் அமுங்கிய நிலையை வைத்தே அளக்கவேண்டும். டீசல் என்ஜின் பாரங் கூடியதானால் வில்லுக்கு ஒரு தகடு கூட்டவும் வேண்டும். பற்சில்லு விகிதமும் ஒரு சிக்கல். பழைய லாண்ட் றோவரில் சில்லு ஒரு முறை சுழல, தண்டு 4.7 முறை சுழலவேண்டும். டீசல் என்ஜின் மெதுவாய்ச் சுழல்வதாகையால் தார் றோட்டிலே வண்டி ஊர்ந்து செல்லும். அதற்காகச் சிலர் றேஞ்ச் றோவரின் 3.54 விகிதமுள்ள பற்சில்லுத் தொகுதியை இடுவர். வேகம் வரும், மேட்டிலே இழுவை குறையும். நம்மவர் மாற்றவில்லை. "நான் கொழும்புக்கா போறேன், மலைக்குத்தானுங்களே" என்றார்.

கெடுதல் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். பெற்றோல் என்ஜின் போகும்பொழுது அதனோடு கார்பரேற்றர் போகிறது, தீப்பொறி தரும் கருவிகள் போகின்றன. இவை கண்ணுக்குத் தெரிந்து கெடுவன. கண்ணுக்குத் தெரியாமற் கெடுவது ஒன்று உண்டு. பெற்றோல் என்ஜின் தான் மூச்சிழுக்கும் குழாயினுள் ஒரு வெற்றிடத்தை உண்டாக்குகிறது. சேர்வோ பூட்டிய வண்டிகளிலே அவ்வெற்றிடந்தான் பிறேக்கை மிதிக்கும் காலுக்குத் துணைசெய்கிறது. டீசல் என்ஜினில், காற்றை அடைத்து அளந்து விடும் கதவு இல்லை. ஆகவே அந்த வெற்றிடமும் இல்லை. அதனை உண்டாக்கத் தனியாக ஒரு பம்பு பூட்டவேண்டும். பூட்டாவிடில் பிறேக் மிதி கல்லாகும்.

இதை எனக்குச் சொல்லும்பொழுது அவர் முகம் மாறிற்று. அவர் முதன்முதல் என்ஜின் மாற்றிய வண்டியிலே அந்தப் பம்பு இருக்கவில்லை. அவருக்குத் தொழில் பழக்கிய முதிய பாஸ் சேர்வோ இல்லாத வண்டிகளிலே கைபழகியவர். ஆதலால் அதைப்பற்றிச் சொல்லவில்லை. வேண்டுமென்று மறைத்தாரல்லர். முதல் இறக்கத்திலேயே வண்டி நில்லாமற்போய்த் தேயிலைச் செடிகளுக்குள்ளே பாய்ந்தது. உடனிருந்த பையனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. இன்றும் அவர் சிறிது சாய்ந்தே நடக்கிறார். அதே கராஜிலே வெல்டிங் செய்கிறார்.

பிறேக் சேர்வோவுக்கு வெற்றிடம் வேண்டுமென்பது மந்திர இரகசியமன்று. ஆங்கிலத்திலே எத்தனையோ கைந்நூல்களில் அச்சாகிக் கிடக்கிறது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. தமிழிலே வாசிக்க வரும். தமிழில் அது இல்லை. அவர் கற்றதெல்லாம் ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்கு வந்தது. செவிவழி வரும் கல்வியிலே, சொன்னவர் காணாத ஒன்று கேட்டவருக்கும் கிட்டாது. தமிழிலே அதை எழுதியிருக்கவேண்டியவர் யார்? பொறியியலாளர் என்று சொல்லி நான் தப்பிக்கொள்ளலாம். ஆனால் எழுதத் தெரிந்தவர்களாகிய நாங்கள் அந்தக் கொட்டிலுக்குள் எட்டியும் பார்க்கவில்லை. உள்ளிருந்து வந்த பிள்ளையையும் வெளியே நிறுத்தினோம்.

இது நமக்குப் புதிய குறையுமன்று. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்திலே எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், நான் இருபது வயது கடந்த இளைஞன். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. துளி பெற்றோலை ஊற்றி உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த என்ஜினிலே மண்ணெண்ணெய் ஆவியாகாது. பழைய கார்களே அதற்கு இணங்கின. அவற்றின் அமுக்க விகிதம் தாழ்ந்தது. புதிய கார்களுக்கு அந்த உணவு செரிக்கவில்லை. இவ்வளவும் பாடசாலையில் நான் கற்றதன்று; ஒழுங்கைக்கு ஒழுங்கை நின்ற திருத்துவோர் தம் அனுபவத்தாற் கண்டறிந்தவை. அவர்களிற் பெரும்பாலோர் இன்று இல்லை. அவர்களைப்பற்றி நாம் கதை எழுதினோம், கவிதை எழுதினோம். அவர்கள் அறிந்திருந்ததை எழுதினோமா?

நூறு வருடத்துக்கு மேல் முந்தி ஒருவர் எழுதினார். வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். உடற்கூற்றியலும் இரண வைத்தியமும் தமிழில் நூலாயின. உடலின் ஒவ்வொரு நரம்புக்கும் எலும்புக்கும் தமிழிலே பெயர் இட முயன்ற ஒரு பிறநாட்டவர் இருந்த மண்ணிலே, ஒரு கிளச்சைக் கழற்றிப் பூட்டும் முறையைத் தமிழிலே எழுத நமக்குக் கை வரவில்லை.

கலைச்சொல் இல்லையே என்பர். சொல் இருக்கிறது, வேண்டியதற்குமேல் இருக்கிறது. அரசாங்கச் சொற்றொகுதிகள் பிஸ்டனுக்கு 'முசலம்' என்றன. பாடசாலைப் பௌதிகத்தில் அது இன்றும் வழங்குகிறது. முசலம் என்றால் உலக்கை. யாதவர் குலத்தை அழித்த உலக்கை. அழகான சொல்தான். ஆயின் எந்தக் கராஜிலும் அச்சொல் நுழைந்ததில்லை. மறுபுறத்தில், மாட்டுவண்டி அச்சுக்கு இட்ட வண்டி மையின் பெயராகிய 'மசகு' என்னும் நல்ல சொல் தொழிலாளர் வாயில் இருந்தது. நம் செய்தித்தாள்கள் அதைக் கொண்டுபோய்ச் சுத்திகரியாத எண்ணெய்க்குப் பெயராக்கிவிட்டன. இதைப்பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன். சொல்லை முதலிற் செய்துவிட்டுப் பொருளைத் தேடிப் போகும் வழக்கத்தால் வந்த வினை இது.

இனி வேறொரு சாரார் உளர். பழைய வண்டியைப் போற்றுவோர். பிறந்த என்ஜினோடு இருந்தாலன்றி அது லாண்ட் றோவரே அன்று என்பது அவர்கள் கொள்கை. ஏட்டுப் பிரதியிற் பாடபேதம் புகுத்துவோனைப் பண்டிதர் வெறுப்பதுபோல என்ஜின் மாற்றுவோனை வெறுக்கிறார்கள். அவ்வெறுப்பு எனக்கு விளங்குகிறது. மூலபாடத்தோடு சில வண்டிகள் இருத்தலும் நன்றே. ஆனால் வரலாறு அவர்கள் பக்கத்தில் இல்லை. றோவர் கம்பனியின் மோறிஸ் வில்க்ஸ் தம் பண்ணையிலே யுத்தத்தில் எஞ்சிய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். 1947இல் அவர்கள் செய்து பார்த்த முதல் மாதிரி வண்டி, ஜீப்பின் செசியிலே றோவர் காரின் என்ஜினை ஏற்றியதுதான். 1948 ஏப்பிரலில் அம்ஸ்ரடாம் கண்காட்சியிலே உலகம் கண்ட லாண்ட் றோவரின் பிறப்பே கூடுவிட்டுக் கூடு பாய்ந்த பிறப்பு. பின்னாளில் 1979இல் அதே கம்பனி இட்ட எட்டுச் சிலிண்டர் என்ஜினும் அமெரிக்கப் பியூக் காரிலிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ் தேசத்திலோ யுத்தத்து ஜீப்புகளை நீட்டி ஜீப்னி ஆக்கி, யப்பானிய டீசல் என்ஜின்களை ஏற்றி, ஊர்முழுதையும் சுமக்கச் செய்தார்கள். மாற்றாதே என்று மலைநாட்டு மரக்கறிக்காரனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. 2020 மார்ச்சிலே நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு மீளத் திறந்தது. அந்த ஐந்து வருடத்திலும் உருளைக்கிழங்கு மலையைவிட்டுத் தானே உருண்டு இறங்கவில்லை.

ஆயினும் மாற்றுவோன் கணக்குக் காட்டவேண்டும். என்ஜின் இலக்கம் மாறியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலே பதியாமல் ஓட்டுவோரை நான் ஆதரிக்கவில்லை. ஏறக்குறைய 70 பரிவலுவுக்கென அமைந்த பிறேக்கை அப்படியே விட்டுவிட்டு, அதனிலும் பெரிய என்ஜினை ஏற்றிப் படமெடுத்து மகிழும் இளைஞரையும் ஆதரிக்கவில்லை. ஓடுவதற்கு முன் நிற்பதைப் பார்க்கவேண்டும்.

மூன்று நாளும் நான் செய்தது இதுதான். அவர் ஒவ்வொன்றாய்ச் சொன்னார், நான் எழுதினேன். எழுதியதை இரவிலே அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிழை என்றார், வெட்டினேன். என் வாழ்நாளிலே இத்தனை பிழை எனக்கு எவரும் பிடித்ததில்லை. ஒரு கொப்பி நாற்பது பக்கம் நிரம்பியிருக்கிறது. அடப்டருக்குச் 'சாரியைத் தட்டு' என்று ஆசையோடு எழுதியிருந்தேன். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "பையன்களுக்கு விளங்காதுங்க ஐயா, அடப்டர்னே போடுங்க" என்றார். அவ்வாறே இட்டேன். பிறேக்கைப்பற்றிய பகுதியை எல்லாவற்றுக்கும் முன்னே வைக்கச் சொன்னதும் அவர்தான்; ஆகவே பாயிரம் இருக்கவேண்டிய இடத்திலே வெற்றிடப் பம்பு நிற்கிறது. கால் முறிந்த அந்தப் பையனும் அருகிலிருந்து கேட்டார். பம்பின் படத்தை அவரே கீறித் தந்தார். கிளச்சுப் பகுதி இன்னும் முடியவில்லை. அடுத்த விடுமுறைக்கு அங்கே ஒரு பழைய ஜீப் வருகிறதாம். அதைக் கழற்றும்பொழுது வரச் சொல்லியிருக்கிறார்.